கொம்பையா பந்து வீசிய பருவங்கள்

கொம்பையா தோல் பந்தைக் கையில் வாங்கி முதன்முதலாக ஓடிவந்த ஞாயிற்றுக்கிழமை, அளக்குறிச்சியில் காற்று நின்றது. ஆனி மாதம், மேல்காற்று பனைமட்டைகளைப் பிய்த்துத் தெருவில் போடுகிற காலம், வாயைத் திறந்தால் மணல் விழுகிற காலம். அந்தக் காலத்தில் அவன் ஓடத் தொடங்கியதும் காற்று நின்றது, பந்து போய்ச் சேர்ந்ததும் அடித்தது, அவன் திரும்பி நடந்து மறுபடி ஓடத் தொடங்கியதும் மறுபடி நின்றது, ஓவரை முடித்துக்கொண்டு அவன் எல்லைக்கோட்டுப் பக்கம் போய்த் தண்ணீர் குடித்த பிறகு, சாப்பாட்டு வேளை முடிந்து வேலைக்குத் திரும்பிய ஆளைப் போலத் தன் பாட்டுக்கு அடித்தது. ஊரில் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வானத்தைப் பார்க்க நேரம் கிடையாது. எங்கள் கண் பாத்தியிலேயே வெந்துவிடும்.

அவன் பேச்சிக்கனியின் ஒரே மகன். அப்பன் பம்பாய்க்குப் போனவன், போனவன்தான். மீசை முளைக்கும் முன்பே கொம்பையா பெரியளத்துக் கம்பெனியில் உப்புக் கூடை சுமக்க வந்துவிட்டான். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே இருக்கிற வரப்பில் ஒரு ஆள் ஒற்றைக் காலில்தான் நிற்கலாம். அந்த வரப்பில் தலையில் சொட்டுகிற கூடையோடு, ஒரு அடிக்கு நேர் பின்னால் அடுத்த அடி வைத்து, இடுப்புக்கு மேலே எதுவும் ஆடாமல், உப்பைக் குவிக்கிற அம்பாரம் வரைக்கும் ஓட வேண்டும். நடந்தால் கூலி ஆகாது. பின்னாளில் சென்னையில் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் கொம்பையாவின் ஓட்டத்தைப் பார்த்து, இவ்வளவு நேராக ஓடிவர இந்தப் பையனுக்கு எந்தப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டார்களாம். பயிற்சியாளர் பெயர் வயிறு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கம்பெனிக்கு ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. ஆபீஸ்காரர்களும் அவர்கள் வீட்டு மாப்பிள்ளைகளும் ஆடுகிற அணி, மாவட்ட லீக்கில் வருஷம் தவறாமல் தோற்கிற அணி. புதுப்பந்து போடுகிற மேனேஜரின் மைத்துனனுக்கு அந்த வருஷம் மஞ்சள்காமாலை வந்துவிட்டது. மேனேஜர் வரதன், அம்பாரத்துப் பக்கம் சாயங்காலம் ரப்பர் பந்து விளையாடுகிற சுமைகாரப் பையன்களில் ஒருவன் வேகமாகப் போடுகிறான் என்று கேள்விப்பட்டு, அவனுக்கு வெள்ளைச் சட்டை கொடுத்து நிறுத்தினான். ரப்பர் பந்துக்கு ஒன்றும் நடந்ததில்லை. காற்றுக்கு ரப்பர் பந்து ஒரு பொருட்டாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

எதிரணியில் முதலில் ஆட வந்த பள்ளிக்கூட வாத்தியார், கொம்பையாவின் முதல் பந்தில் தொப்பியையும் நடுக்குச்சியையும் ஒருசேர இழந்தார். மைதானத்தைச் சுற்றி நட்டிருந்த கொடிகள் ஈரத்துணி போலத் தொங்கின, ஆனால் தன் முகத்தில் புயல் அடித்தது என்று அவர் சொன்னார். அடுத்தவனும் அதையே சொன்னான். கம்பெனி அணி அன்று ஜெயித்தது, ஊர் முழுக்க அடிக்க வேண்டிய காற்று ஒருவன் தோளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்து, இருபத்திரண்டு கெஜத்தில் செலவழிந்தது, அவ்வளவுதான் நடந்தது.

ஊர் அதைச் சீக்கிரமே வழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. நெத்திலி காயப்போடுகிற பெண்கள் ஞாயிற்றுக்கிழமை காயப்போடுவதை விட்டார்கள், ஏனென்றால் ஈ அண்டியது. பாய் கட்டி ஓடுகிற வள்ளத்துக்காரர்கள் லீக் ஆட்டம் என்றைக்கு என்று விசாரித்துவிட்டுத்தான் கடலில் இறங்கினார்கள். கூரை வேய்கிறவன் டாஸில் யார் ஜெயித்தது என்று ஆள் விட்டுக் கேட்டான். கம்பெனி முதலில் பந்து போடுகிறது என்றால் காலையிலேயே ஏணியைச் சாத்தினான், மட்டை பிடிக்கிறது என்றால் மத்தியானத்துக்கு மேல் வருகிறேன் என்று போய்விட்டான். கல்யாணப் பந்தல் போடுவதற்கு ஆட்ட நாளே நல்ல நாள் என்று ஆனது. எங்கள் தொழிற்சங்கக் கட்டடத்துக் கொடி மட்டும் அந்த நாட்களில் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது, அதைப் பார்க்க எங்களுக்குச் சங்கடமாக இருந்தது.

சங்கத்தில் இதைப் பற்றி விவாதம் நடந்தது. மதுரையிலிருந்து தபாலில் வருகிற சிறு பிரசுரங்களைப் படித்துத்தான் நாங்கள் உலகத்தைத் தெரிந்துகொண்டவர்கள். நிலம், கூலி, உபரி, யுத்தம், எல்லாம் அவற்றில் இருந்தன, காற்று இல்லை. செயலாளர் ஞானதிரவியம், வெயிலும் உப்பும் ஒரு கண்ணை எடுத்துக்கொண்ட மனிதர், மிச்சக் கண்ணால் எல்லாப் பிரசுரத்தையும் இரண்டு தடவை படித்தவர், காற்று உற்பத்திச் சாதனம் என்று நிரூபித்தார். வெயில் பாதி வேலை செய்கிறது, மேல்காற்று பாதி வேலை செய்கிறது, அந்த இரண்டும் செய்த வேலையைத்தான் நாம் வாருகிறோம், ஆகவே காற்று ஒரு தொழிலாளி, தொழிலாளியை முதலாளி தன் பொழுதுபோக்குக்குப் பயன்படுத்துவதைக் கண்டிக்கிறோம் என்று தீர்மானம் போட்டோம். ஏன் இப்படி நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்கிற வழக்கம் எங்களுக்கு இருந்திருந்தால், உப்பு வாருகிற எங்கள் குடிசைக்கு ஏன் குடிதண்ணீர் இல்லை என்பதிலிருந்து அல்லவா தொடங்கியிருக்க வேண்டும்.

அங்கிருந்துதான் அடுத்த வருஷம் தொடங்கினோம். குடிதண்ணீர், காலுக்கு ரப்பர் பூட்ஸ், கம்பெனி கைவிட்டுக் கிடக்கிற நாற்பது ஏக்கர் அளத்தைத் தொழிலாளர் கூட்டுறவுக்குக் குத்தகையாகக் கொடுப்பது: இவற்றைக் கேட்டு, பாத்தியில் உப்பு பூக்கிற நேரம் பார்த்து வேலையை நிறுத்தினோம். கம்பெனி லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கியது. வாசலில் நாங்கள் கோஷம் போட்டோம், உள்ளே அவர்கள் வாரினார்கள். பசி வரத் தொடங்கிய வாரத்தில், பேச்சிக்கனி சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். அதனால் சுருக்கமாகப் பேசினாள்.

"காத்து இல்லேன்னா உப்பு இறங்காது. உப்பு இறங்கலன்னா எவன் வந்தாலும் என்னத்த வாருவான்? எம்மவனப் பந்து போட விடுங்க."

சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் வற்றிக் கிடந்த குளத்தில் மூன்று பனங்கட்டைகளை நட்டு, பின்னால் சாக்குப் படுதா கட்டினோம். கொம்பையா பொழுது விடிந்ததும் ஓடத் தொடங்கினான், பொழுது சாயும்வரை ஓடினான். மட்டை பிடிக்க ஆள் கிடையாது, எதிரணி கிடையாது, கைதட்டல் கிடையாது. வேகம் மட்டும் இருந்தது, ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கூடுதலாக இருந்தது. பாத்தித் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. வெளியூர்க்காரர்கள் வாருபலகையை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கோஷம்கூட வாயை விட்டு வெளியே போய்ப் பக்கத்திலேயே விழுந்தது. கொம்பையாவின் தோள் வீங்கியது. பேச்சிக்கனி சட்டியில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்து, எழுந்திரு ராசா என்று மறுபடி அனுப்பினாள். கம்பெனி இறங்கி வந்தது.

வெற்றி ஊர்வலம் போனோம். கேட்டதெல்லாம் கிடைத்தது. நாற்பது ஏக்கருக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: மூன்று பருவம் தொடர்ந்து கூட்டுறவு உப்பே எடுக்காமல் போனால் நிலம் கம்பெனிக்குத் திரும்பும். மூன்று பருவமும் உப்பு விளையாத அளம் இந்தக் கரையில் உண்டா என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டோம். பேச்சுவார்த்தை முடிகிற தறுவாயில் ஞானதிரவியம் இன்னொன்றும் கேட்டார், நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அவரைக் கேட்கச் சொன்னோம்: கொம்பையாவுக்குக் கம்பெனியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. எங்களுக்காகத் தோளைக் கொடுத்தவனுக்கு நாங்கள் என்ன கொடுப்பது? காலமெல்லாம் நிரந்தரம் நிரந்தரம் என்று கத்தி வளர்ந்த கூட்டம் நாங்கள். அதைவிடப் பெரிய பரிசு ஒன்று உலகத்தில் இருப்பதாக எங்களுக்குத் தெரியாது. மேனேஜர் வரதன் அந்தக் கோரிக்கையை மட்டும் ஒரு வார்த்தை பேரம் பேசாமல் ஏற்றுக்கொண்டான். அதற்கும் நாங்கள் கைதட்டினோம்.

வரதன் கெட்டவன் அல்ல, கணக்குத் தெரிந்தவன். கூட்டுறவுப் பாத்திகளில் தண்ணீர் முறுகி உப்பு இறங்கப்போகிற வாரம் எதுவோ, அந்த வாரத்தில் கம்பெனி அணிக்குப் பயிற்சி முகாம் வந்தது. கம்பெனியின் சொந்தப் பாத்திகளும்தான் அசையாமல் கிடந்தன, ஆனால் கம்பெனியிடம் போன வருஷத்து அம்பாரங்கள் ஓலை வேய்ந்து மலை மலையாக நின்றன. தூத்துக்குடியில் உப்பு விலை ஏறஏற அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து விற்றது. காத்திருக்க வசதி உள்ளவன் காற்று இல்லாமலும் இருப்பான். எங்கள் நாற்பது ஏக்கரில் முதல் பருவம் சேறாகப் போனது.

கொம்பையாவின் பெயர் அதே வேகத்தில் வளர்ந்தது. மாவட்டத்தில் அவனைத் தொட ஆளில்லை என்று ஆனதும் கம்பெனி அவனைச் சென்னை லீக்கில் ஆடுகிற ஒரு பெரிய அணிக்கு அனுப்பியது. முதலாளிக்கு அந்த அணியின் கமிட்டியில் இடம் இருந்தது. ஆள் அறுநூறு கிலோமீட்டர் போய்விட்டான், இனிக் காற்று நமக்குத்தான் என்று நாங்கள் நினைத்தோம். அவன் சென்னையில் புதுப்பந்தை வாங்கிய முதல் காலையில், அளக்குறிச்சிப் பனைகளெல்லாம் வடக்கே பார்த்து மெதுவாகத் தலை சாய்த்தன. காற்று வேகமில்லாமல், சத்தமில்லாமல், ரயிலுக்குப் போகிற சனம் மாதிரி மூட்டை முடிச்சோடு ஊரை விட்டு வடக்கே போனது. அன்றைக்கு அவன் ஏழு விக்கெட் எடுத்ததாக மறுநாள் பேப்பரில் பார்த்தோம். பேப்பரை டீக்கடைச் சுவரில் ஒட்டினோம்.

ஒட்டினோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் பருவமும் சேறாகப் போன பிறகும் ஒட்டினோம். பேருந்தில் வருகிற வெளியூர்க்காரர்கள் ஊருக்குள் நுழைந்ததும் சட்டைப் பித்தானை அவிழ்த்துக்கொண்டு, இது அந்தக் கொம்பையா ஊர்தானே என்று கேட்பார்கள். ஆமா, எங்க பையன்தான் என்று வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொல்வோம். ஊர் மாறிக்கொண்டே வந்தது. அடுப்புப் புகை கலையாமல் ஒவ்வொரு கூரை மேலும் தூணாக நின்றது. வாசனைகள் பிறந்த இடத்தை விட்டுப் போகவில்லை. ஒரு வீட்டு வாசலில் வேகிற மீன் பக்கத்து வீட்டுக்குத் தெரியவில்லை, சாக்கடையைக் கடந்தவன் அதன் நாற்றத்தை ஒரு சுவரைப் போல மோதித் தாண்டினான். காக்கைகள் பறப்பதை விட்டுத் தெருவில் நடந்துபோயின. மின்விசிறி சுற்றியது, அடியில் படுத்தவனுக்கு ஒன்றும் வரவில்லை. கடைசியில், சென்னையில் ஆட்டம் நடக்கிற நாட்களில், பேசிக்கொண்டிருக்கிறவர்களின் மூச்சு எதிரே இருப்பவர் மேல் படாமல் வடக்குப் பக்கமாகச் சாய்வதைக் கண்டோம். பீடிப் புகையை வைத்துத்தான் முதலில் கண்டுபிடித்தோம். இழுப்பு நோய்க்காரர்கள் இரண்டு பேர் அந்தப் பருவத்தில் செத்தார்கள். எந்த ஆட்டத்தின்போது என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

மூன்றாம் பருவத்தில் கூட்டுறவுப் பாத்திகளை மிதித்துச் சீராக்கித் தண்ணீர் கட்டினோம். இந்தத் தடவை உப்பு வராவிட்டால் நிலம் போய்விடும். நிலம் போனால் நாங்கள் மறுபடி பெரியளத்து வாசலில் கூடையோடு நிற்க வேண்டும். பேச்சிக்கனியின் பங்குக்கு வந்தது மேற்கு ஓரத்துப் பாத்தி. வாழ்க்கை முழுக்க அடுத்தவன் பாத்தியை மிதித்த கால், தன்னுடையதை மிதித்தபோது அவள் செருப்பையும் போடவில்லை, கம்பெனி கொடுத்த பூட்ஸையும் போடவில்லை.

அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு இரண்டு நாள் லீவில் கொம்பையா ஊருக்கு வந்தான். ஞானதிரவியமும் நாங்கள் நான்கு பேரும் அவன் வீட்டுக்குப் போனோம். புதிதாக வாங்கிய நாற்காலிகளில் எங்களை உட்காரவைத்து, அவன் நின்றான். மரியாதை குறையவில்லை. உடம்பு அகலமாகியிருந்தது, பேச்சில் பட்டணம் ஏறவில்லை. அடுத்த வாரம் மாநில அணிக்காக முதல் ஆட்டம் என்று அவன் சொன்னான், எங்களுக்குத் தெரியும் என்று நாங்கள் சொன்னோம், வாழ்த்துச் சொன்னோம், பிறகு விஷயத்தைச் சொன்னோம். தோளில் வலி என்று சொல்லிவிட்டு ஒரு பத்து நாள் சும்மா இருந்தால் போதும், உப்பு இறங்கிவிடும் என்று ஞானதிரவியம் கேட்டார்.

"அண்ணாச்சி, அன்னைக்குக் குளத்துல போடச் சொன்னது யாரு?"

"நாங்கதான், தம்பி."

"அப்ப காத்து நின்னது போராட்டம். இப்ப நின்னா மட்டும் துரோகமோ?"

எத்தனையோ அதிகாரிகளை மடக்கிய ஞானதிரவியம் துண்டை எடுத்து ஒற்றைக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொம்பையா குரலை உயர்த்தவில்லை.

"வேலையில இருக்கவன் வேலையச் செய்யாம இருக்க முடியுமா, அண்ணாச்சி? நிரந்தரம்னு நீங்கதான வாங்கிக் குடுத்தீக. தோள் வலின்னு ஒரு நாள் உக்காந்தா அந்த எடத்துக்கு நூறு பேரு நிக்கான். பெறவு நான் எங்க போவேன், உங்க கூடையத் தூக்கவா?"

பேச்சிக்கனி டீத் தம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் அவளைப் பார்த்து, நீ என்னம்மா சொல்லுத என்று கேட்டான். நாங்கள் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சேலை முந்தியில் கையைத் துடைத்துவிட்டு, அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த விபூதியைத் தட்டிவிட்டாள்.

"நல்லாப் போடு," என்றாள்.

வெளியே வந்ததும் எங்களில் ஒருவன், பெத்தவ வாயில வேற என்ன வரும் என்றான். ஞானதிரவியம் அவனைப் பேசாமல் வரச் சொன்னார்.

ஆட்டம் தொடங்கிய காலையில் ஊரில் இருந்த கடைசிக் காற்றும் போயிற்று. விளக்குச் சுடர் ஆணி அடித்தது போல நின்றது. கடலில் அலை வரவில்லை, தண்ணீர் கரையில் படுத்துக்கொண்டது. நாங்கள் அத்தனை பேரும் அளத்தில்தான் இருந்தோம், ஏனென்றால் பாத்தித் தண்ணீர் சரியான பதத்துக்கு வந்திருந்தது. விரலை விட்டால் பிசுபிசுத்தது, இன்னும் கொஞ்சம் காற்று பட்டால் உப்பு பூத்துவிடும், படாவிட்டால் கெட்டுவிடும். சங்கத்து ரேடியோவை வரப்பில் வைத்திருந்தோம். சென்னை நிலையத்தார் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: கொம்பையா ஓடி வருகிறார், அற்புதமான பந்து, மட்டையைத் தாண்டிச் சென்றது.

யாருக்கு முதலில் தோன்றியது என்று தெரியாது. ஒருத்தி அரிசி புடைக்கிற சுளகை எடுத்துப் பாத்தியின் மேல் வீசத் தொடங்கினாள். அதைப் பார்த்து அடுத்தவள் வீசினாள். பனையோலை விசிறி இருந்தவர்கள் விசிறியை எடுத்தார்கள், பாய் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு முனை பிடித்து இரண்டு பேராக வீசினார்கள், ஒன்றும் இல்லாதவர்கள் சட்டையைக் கழற்றியும் முந்தானையை விரித்தும் வீசினார்கள், கொஞ்ச நேரத்தில் நாற்பது ஏக்கர் வரப்பிலும் ஊரே வரிசையாக நின்று, காற்று செய்ய வேண்டிய வேலையைத் தன் கையால் செய்யத் தொடங்கியது. இதுவரை இந்த உலகத்தில் வெயிலின் வேலையையும் காற்றின் வேலையையும் தவிர மற்ற எல்லா வேலையையும் செய்து பார்த்தவர்கள் நாங்கள். அந்த இரண்டில் ஒன்றையும் அன்றைக்குச் செய்தோம். கை கழன்றது, கண் எரிந்தது, ஒருவரும் நிறுத்தவில்லை. சென்னையில் முதல் விக்கெட் விழுந்தது. வீசிக்கொண்டே சந்தோஷப்பட்டோம். இரண்டாவது விழுந்தது. மூன்றாவது விழுந்தது. ரேடியோக்காரருக்குக் குரல் கட்டிக்கொண்டது.

பேச்சிக்கனிதான் தன் பாத்தியைக் குனிந்து பார்த்தாள். அவ்வளவு வீசியும் தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. விசிறியிலிருந்து கிளம்புகிற காற்று தண்ணீரைத் தொடாமல், அவள் புறங்கையை உரசிக்கொண்டு, வடக்கே போய்க்கொண்டிருந்தது. அவள் இரண்டு வீச்சு வேகமாக வீசினாள். ரேடியோவில் குச்சி பறந்தது. கையைத் தளர்த்தினாள், அடுத்த பந்து பவுண்டரிக்குப் போனது. இன்னொரு தடவை சோதித்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. விசிறியை வீசிக்கொண்டே ஞானதிரவியத்திடம் வந்தாள்.

"அண்ணாச்சி, இது பாத்திக்குப் போகல."

"தெரியுது, தாயி."

"நம்ம கைதான் அங்க பந்து போடுது."

யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்திருந்தது. கடல்வரைக்கும் இருந்த காற்றெல்லாம் தீர்ந்து, அவனுக்குப் பின்னால் இப்போது மிச்சமிருப்பது எங்கள் வீச்சு மட்டும்தான். நிறுத்தினால் இன்றைக்கு அவன் மாநிலம் முழுக்கக் கேட்க விழுவான், இனி எந்த அணியும் அவன் கையில் புதுப்பந்தைக் கொடுக்காது, காற்று வேறு வேலையில்லாமல் ஊர் திரும்பும், உப்பு இறங்கும், நிலம் நிற்கும். நிறுத்தாவிட்டால் அவன் நிற்பான். எத்தனையோ தடவை கருவியைக் கீழே போடச் சொல்லி ஊரைக் கூட்டிய ஞானதிரவியத்துக்கு, அன்றைக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. எங்களில் யாருக்கும் வரவில்லை. சொல்கிற உரிமை ஒருத்திக்குத்தான் இருந்தது, அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டு எல்லோரும் இன்னும் வேகமாக வீசினோம். நான்காவது விக்கெட் விழுந்தது.

"ஸ்ட்ரைக்குன்னா முன்கூட்டி நோட்டீஸ் குடுக்கணும்லா, அண்ணாச்சி?" என்று பேச்சிக்கனி கேட்டாள்.

"சட்டப்படி குடுக்கணும்."

"குடுக்காம நிறுத்துனா?"

"சட்டவிரோதம்."

"சரி," என்றாள். வரப்பில் குனிந்து, சேறு படாத இடமாகப் பார்த்து, விசிறியைக் கீழே வைத்தாள். கை சும்மா இருக்க முடியாமல் இரண்டு தடவை காற்றில் அசைந்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் சுளகைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு பாய்கள் இறங்கின, ஒன்றன்பின் ஒன்றாக, மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரம்வரை, முந்தானைகள் இடுப்புக்குத் திரும்பின, சட்டைகள் தோளுக்குப் போயின. நாற்பது ஏக்கரிலும் ஒரு அசைவு இல்லை. ரேடியோ மட்டும் பேசியது.

"மீண்டும் கொம்பையா. நீண்ட ஓட்டம். ஓடி வருகிறார், நடுவரை நெருங்குகிறார்... நின்றுவிட்டார். கொம்பையா நின்றுவிட்டார். பந்து கையிலேயே இருக்கிறது. காயமா என்று தெரியவில்லை. யாரோ கூப்பிட்டது போலப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். யாரையோ தேடுகிறார்."

பேச்சிக்கனி ரேடியோவுக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"பாக்காதய்யா," என்றாள். "இங்க யாருமில்ல."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். தன் மூச்சு அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று முந்தானையை எடுத்து வாயையும் மூக்கையும் இறுக்கி மூடிக்கொண்டாள். நாங்களும் மூடிக்கொண்டோம்.